தோல்வியை உட்கார்ந்து படித்த தளபதி

டீயை எடுத்துக்கொள்ளுங்கள். இது கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டிய கதை.

ஜெனரல் என்றதும் நமக்கு என்ன நினைவுக்கு வருகிறது? வரைபடத்தின் மேல் குனிந்து அம்புக்குறி போடுகிறவர், குதிரையிலோ ஜீப்பிலோ முன்னால் போகிறவர், வெற்றி விழாவில் மாலை வாங்குகிறவர். அதெல்லாம் பொய்யில்லை. ஆனால் ஒரு மூத்த படைத்தலைவரின் வேலையில் அது சிறு பங்குதான். மீதி வேலை எங்கே நடக்கிறது என்று புரிந்துகொள்ள, இரண்டாம் உலகப் போரில் பர்மாவில் பதினான்காம் படையை நடத்திய வில்லியம் ஸ்லிம்மின் வாழ்க்கையைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

முதலில் படிநிலைகளைச் சொல்லிவிடுகிறேன். இது புரிந்தால் மற்றது சுலபம். காலாட்படையில் பட்டாலியன் என்பது சுமார் 800 பேர். அதை நடத்துகிறவர் லெப்டினன்ட் கர்னல். பட்டாலியனுக்குள் நூறு பேருக்குச் சற்று மேலாகக் கொண்ட கம்பெனிகள் இருக்கும். மூன்று பட்டாலியன் சேர்ந்தால் ஒரு பிரிகேட், தலைவர் பிரிகேடியர். மூன்று பிரிகேடும் பீரங்கி, பொறியாளர், மருத்துவம் எல்லாமும் சேர்ந்தால் பதினைந்தாயிரம் பேர் அளவில் ஒரு டிவிஷன். தலைவர் மேஜர் ஜெனரல். இரண்டு மூன்று டிவிஷன்கள் ஒரு கோர். தலைவர் லெப்டினன்ட் ஜெனரல். கோர்கள் சேர்ந்தது ஒரு ஆர்மி. பட்டாலியன்வரை தலைவருக்குத் தன் ஆட்களின் முகம் தெரியும். அதற்கு மேலே போகப்போக முகங்கள் மறைந்து எண்ணிக்கைகள் ஆகிவிடும். எண்ணிக்கைக்குப் பின்னால் இருக்கும் முகத்தை மறக்காமல் இருப்பதுதான் மேல்பதவியின் கடினமான வேலை. ஸ்லிம் அதைச் செய்தார்.

அவர் பிறந்தது 1891 ஆகஸ்ட் 6-ல், இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில். அப்பா இரும்புச் சாமான் வியாபாரி. குடும்பம் பிறகு பர்மிங்ஹாமுக்குக் குடிபெயர்ந்தது. அந்தக் காலத்து பிரிட்டிஷ் ராணுவத்தில் அதிகாரியாகச் சேர வேண்டுமானால் வசதியான குடும்பம் வேண்டும். வாங்கும் சம்பளம் அதிகாரியின் செலவுக்குப் போதாது, வீட்டிலிருந்து பணம் வர வேண்டும். ஸ்லிம் வீட்டில் அந்த வசதி இல்லை. ஏழைப் பிள்ளைகள் படிக்கும் தொடக்கப் பள்ளியில் பாடம் நடத்தினார். பிறகு உலோகக் குழாய் செய்யும் நிறுவனம் ஒன்றில் குமாஸ்தா. பல்கலைக்கழகத்தில் படிக்காமலே பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் அதிகாரிப் பயிற்சிப் படையில் இடம்பிடித்தார். 1914-ல் முதல் உலகப் போர் வெடித்தது. அந்த ஆகஸ்டிலேயே அவர் இளம் அதிகாரி ஆனார். போர் வராதிருந்தால் அவர் குமாஸ்தாவாகவே ஓய்வு பெற்றிருக்கக்கூடும்.

1915-ல் துருக்கியின் கலிபோலியில் மார்பில் குண்டடிபட்டார். பக்கத்தில் போரிட்டவர்கள் ஆறாம் கூர்க்கா ரெஜிமென்ட்டின் முதல் பட்டாலியன்காரர்கள். அவர்கள்மேல் அன்று விழுந்த பிரியம் ஆயுள்வரை போகவில்லை. குணமாகி மெசபடோமியா போனார், அங்கேயும் காயம், மிலிட்டரி கிராஸ் பதக்கம். போர் முடிந்ததும் இந்திய ராணுவத்துக்கு மாறி, தான் விரும்பிய அதே கூர்க்கா பட்டாலியனில் சேர்ந்தார். இந்திய ராணுவத்தில் சம்பளத்தை வைத்தே பிழைக்கலாம் என்பதும் ஒரு காரணம். அதுவும் பற்றாதபோது 'ஆந்தனி மில்ஸ்' என்ற புனைபெயரில் பத்திரிகைகளுக்குக் கதை எழுதிச் சம்பாதித்தார். கூர்க்காலியும் உருதுவும் கற்றுக்கொண்டார். 1938-ல் பட்டாலியன் ஒன்றின் தலைமை கிடைத்தபோது வயது நாற்பதைத் தாண்டிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. பெரிய பதவிக்கு வருவார் என்று யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

இரண்டாம் உலகப் போர் அவரை வேகமாக மேலே கொண்டுபோனது. 1940-ல் சூடான் எல்லையில் கல்லாபாத் என்ற இடத்தில் பிரிகேடியராக இத்தாலியர்களோடு போரிட்டார். கோட்டையைப் பிடித்த பிறகு, மேலே போவதா பின்வாங்குவதா என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது. பின்வாங்கினார். துணிந்திருந்தால் வென்றிருக்கலாம் என்று பிற்பாடு தானே எழுதிவைத்தார். தவறை மற்றவர் தலையில் கட்டாமல் தன் கணக்கில் எழுதிக்கொள்ளும் இந்தப் பழக்கத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மீதிக் கதை அதன்மேல்தான் நிற்கிறது.

1942 மார்ச்சில் அவர் பர்மாவுக்கு அனுப்பப்பட்டபோது நிலைமை ஏற்கெனவே கைமீறிப் போயிருந்தது. சிங்கப்பூர் பிப்ரவரியில் விழுந்தது, ரங்கூன் மார்ச்சில் விழுந்தது. ஜப்பானியர் ஏன் அப்படி ஜெயித்தார்கள்? முறை எளிமையானது. பிரிட்டிஷ், இந்தியப் படைகள் லாரிகளை நம்பியிருந்தன. லாரி சாலையை விட்டு இறங்காது. ஜப்பானியர் காட்டுக்குள் நடந்து சுற்றிப்போய், பின்னால் அந்த ஒரே சாலையில் மரத்தை வெட்டிப் போட்டு இயந்திரத் துப்பாக்கியோடு உட்கார்ந்துவிடுவார்கள். முன்னால் நிற்கிற படைக்குப் பின்னால் சாலை போய்விட்டது என்ற செய்தி வந்ததும் பதற்றம் தொற்றும். படை திரும்பும், அடைப்பை உடைக்க அடித்துக்கொள்ளும், ஆட்களையும் வண்டிகளையும் இழந்து வெளியே வரும். அடுத்த ஊரில் அதே கதை.

ஏப்ரலில் ஏனாஞ்சாங் எண்ணெய் வயல்களை ஜப்பானியர் கைக்குப் போகாமல் ஸ்லிம்மின் ஆணைப்படி தீ வைத்து அழித்தார்கள். மே மாதம் மழை இறங்கும் நேரத்தில் மிஞ்சிய படை மணிப்பூர் எல்லையை எட்டியது. சுமார் 1,450 கிலோமீட்டர் பின்வாங்கல். பிரிட்டிஷ் ராணுவ வரலாற்றிலேயே மிக நீண்டது என்று அதைச் சொல்கிறார்கள். கிழிந்த உடையும் எலும்பும் தோலுமாக வந்த அந்த ஆட்கள் துப்பாக்கியை மட்டும் கீழே போடவில்லை.

அதே பாதைகளில் படை மட்டும் வரவில்லை. பர்மாவிலிருந்து அப்போது தப்பி வந்த இந்தியர்கள் சுமார் ஐந்து லட்சம். அவர்களில் தமிழர்கள் ஏராளம்: ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், வயலில் கூலிக்குப் போனவர்கள், செட்டிநாட்டுக் கடைகளில் கணக்கு எழுதியவர்கள். வழியில் காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் பல ஆயிரம் பேர் இறந்தார்கள். 'பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர்கள்' என்று நம் பக்கத்துக் குடும்பங்களில் சொல்லப்படும் கதைக்கும் ஸ்லிம்மின் பின்வாங்கலுக்கும் பாதையும் மாதமும் ஒன்றுதான். அந்த மக்களைக் காப்பாற்ற பிரிட்டிஷ் அரசு செய்தது மிகக் குறைவு. இதைச் சொல்லாமல் பர்மாப் போரைப் பற்றித் தமிழில் பேசக் கூடாது.

இனிதான் ஸ்லிம்மின் உண்மையான வேலை தொடங்குகிறது. தோற்ற தளபதிகள் வழக்கமாகக் காரணம் தேடுவார்கள்: விமானம் தரவில்லை, ஆள் தரவில்லை. ஸ்லிம்மிடமும் அந்தக் காரணங்கள் இருந்தன, அவை உண்மையும்கூட. அவர் அவற்றை ஒதுக்கிவிட்டு, நம்மைவிட அவர்கள் எதில் மேலானவர்கள் என்று ஒவ்வொன்றாக எழுதினார். அன்றைய பிகாரின் ராஞ்சி வட்டாரத்தில் பயிற்சி ஆரம்பமானது. அவர் வகுத்த விதிகளில் மூன்றை மட்டும் சொல்கிறேன். ஒன்று, காடு நுழைய முடியாததும் இல்லை, பகையும் இல்லை. அதில் வாழக் கற்றுக்கொள். இரண்டு, படையில் போரிடாதவன் என்று யாரும் கிடையாது; குமாஸ்தாவும் சமையல்காரரும் மருத்துவப் பிரிவும் தங்கள் இடத்தைத் தாங்களே காக்க வேண்டும். மூன்று, ஜப்பானியன் உனக்குப் பின்னால் வந்துவிட்டால் நீ சுற்றிவளைக்கப்பட்டாய் என்று நினைக்காதே. அவன்தான் வளைக்கப்பட்டான் என்று நினை.

மூன்றாவது வெறும் வீரப்பேச்சு போலத் தோன்றும். அப்படியில்லை, அதற்குள் ஒரு கணக்கு இருந்தது. ஜப்பானியரை எதிர்த்து வென்ற அனுபவமுள்ள சீனத் தளபதி ஒருவர் ஸ்லிம்மிடம் சொல்லியிருந்தார்: ஜப்பானியர் சில நாளுக்கான உணவோடுதான் தாக்க வருவார்கள். மீதியை நம் கிடங்கிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்பது அவர்கள் திட்டம். அந்த நாட்கள்வரை கிடங்கைக் கொடுக்காமல் நின்றுவிட்டால் அவர்கள் பட்டினி. ஆகவே நகராமல் நிற்க வேண்டும். சாலை அடைபட்ட இடத்தில் நிற்கிற படைக்குச் சோறு எங்கிருந்து வரும்? வானத்திலிருந்து வர வேண்டும். பர்மாப் போர் முழுவதும் இந்த ஒரு பதிலைச் சுற்றியே திரும்பியது.

1943 அக்டோபரில் பதினான்காம் படை உருவானது. ஸ்லிம் அதன் தலைவர். பொறுப்பேற்றதும் அவர் பார்த்த முதல் எதிரி கொசு. அந்த ஆண்டில், காயம்பட்டு அப்புறப்படுத்தப்பட்ட ஒவ்வொருவருக்கும், நோயால் அப்புறப்படுத்தப்பட்டவர்கள் 120 பேர். மலேரியா மட்டும் ஆண்டுக்குப் படையின் மொத்த எண்ணிக்கையில் 84 சதவீதம். அப்படியே விட்டால் ஜப்பானியர் ஒரு தோட்டாவும் செலவிட வேண்டியதில்லை, சில மாதங்களில் படையே கரைந்துபோகும்.

அவர் செய்தது என்ன? அதுவரை மலேரியா வந்தவரை நூற்றுக்கணக்கான மைல் தாண்டி இந்தியாவின் உட்பகுதி மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். போய்த் திரும்ப மாதக்கணக்கில் ஆகும். ஸ்லிம் மருத்துவக் கூடாரங்களைப் போர்முனைக்குச் சில மைல் பின்னாலேயே போடச் செய்தார். காய்ச்சல் வந்தவர் அன்றே சிகிச்சை பெற்று, சில வாரத்தில் தன் பட்டாலியனுக்குத் திரும்பினார். மோசமாக அடிபட்டவர்களை விமானத்தில் தூக்கினார்கள். கொசு கடிக்காமல் இருக்க, பொழுது சாய்வதற்குள் சட்டைக் கையை இறக்கிவிட வேண்டும், கால்சட்டை முழுநீளம் இருக்க வேண்டும்.

அப்புறம் மாத்திரை. மலேரியா மருந்தான கொய்னா கிடைக்கும் ஜாவா ஜப்பானியர் கையில் இருந்ததால், மெபக்ரின் என்ற மாத்திரையைத் தினமும் விழுங்க வேண்டும். தோல் மஞ்சளாகிவிடும், ஆண்மை போய்விடும் என்று புரளி வேறு. பலர் ரகசியமாகத் துப்பினார்கள். ஸ்லிம் திடீர்ப் பரிசோதனை வைத்தார். ஒரு பட்டாலியனில் எல்லோருக்கும் சோதனை செய்து, மருந்து உடம்பில் இருப்பவர்கள் 95 சதவீதத்துக்குக் கீழே போனால் அந்தப் பட்டாலியன் தலைவரின் பதவி போய்விடும். மூன்று பேரை மட்டுமே நீக்க வேண்டியிருந்தது, அதற்குள் மற்றவர்களுக்குப் புரிந்துவிட்டது என்று அவர் எழுதுகிறார். கவனியுங்கள், மாத்திரை விழுங்காத சிப்பாயை அவர் தண்டிக்கவில்லை. விழுங்க வைக்காத அதிகாரியைத்தான் தண்டித்தார். பொறுப்பு மேலே இருக்கிறது என்று அவர் நம்பியதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். 1945-ல் நோய்வாய்ப்படுகிறவர்கள் நாளொன்றுக்கு ஆயிரத்துக்கு ஒருவர் என்ற அளவுக்கு இறங்கியது.

அடுத்தது சோறு. நம் கல்யாண வீட்டில் பந்தி பரிமாறுகிறவரை எல்லோரும் பார்ப்பார்கள். உக்கிராண அறையில் அரிசி அளந்து போடுகிறவரை யாரும் பார்க்க மாட்டார்கள். அவர் பிசகினால் பந்தியே நின்றுபோகும். ஸ்லிம் அந்த உக்கிராண அறையிலேயே பாதி நேரம் இருந்தார். வானத்திலிருந்து மூட்டை இறக்கப் பாராசூட் வேண்டும். பட்டுப் பாராசூட் ஐரோப்பியப் போர்முனைக்கே போதவில்லை. சரி, வங்காளத்தில் சணல் இருக்கிறதே என்று கல்கத்தா சணல் ஆலைக்காரர்களைப் பிடித்தார்கள். மனிதர் குதிக்க அது ஆகாது. சரக்கு இறக்க ஆகும். பட்டுப் பாராசூட்டுக்கு இருபது பவுண்டுக்கு மேல் செலவு, சணல் பாராசூட்டுக்கு ஒரு பவுண்டுக்குச் சற்று மேல். சாலை போடக் கல் இல்லாத இடத்தில் சணல் துணியைத் தாரில் தோய்த்துப் பாய்போல விரித்து, மழைக்காலத்திலும் லாரி ஓடவைத்தார்கள். காய்கறித் தோட்டம் போட்டார்கள், வாத்து வளர்த்தார்கள். முன்னணியில் ஒரு பிரிவுக்கு அரை உணவு என்றால் தன் தலைமையகத்துக்கும் அரை உணவு என்று ஸ்லிம் ஆணையிட்டார். அதிகாரிகளின் வயிறு காய்ந்தால் கோப்புகள் வேகமாக நகரும். அதைவிட, சிப்பாய்க்குத் தன் பசி மேலே தெரிகிறது என்ற நம்பிக்கை வரும்.

மூன்றாவது தைரியம். தொடர்ந்து தோற்றவனிடம் நீ ஜெயிப்பாய் என்று சொன்னால் நம்ப மாட்டான். சின்ன ரோந்துகளில் தொடங்கினார். பிறகு சிறிய ஜப்பானியக் காவல்நிலைகளைத் தாக்கும்போது, ஒரு கம்பெனியை அடிக்க ஒரு பிரிகேடையே அனுப்பினார். இத்தனை பேர் எதற்கு என்று கேட்டவர்களுக்கு அவர் பதில்: இப்போது தோற்கக் கூடாது. படையினரிடம் போய், ஜீப்பின் மேல் ஏறி நின்று, கூர்க்காக்களிடம் கூர்க்காலியிலும் இந்தியரிடம் உருதுவிலும் பேசினார். அலங்காரமாகப் பேசத் தெரியாதவர், உண்மையைப் பேசினார். சிப்பாய்கள் அவரை 'பில் மாமா' என்று தங்களுக்குள் அழைத்தார்கள்.

1944 பிப்ரவரியில் பர்மாவின் மேற்குக் கரையான அரக்கானில் ஜப்பானியர் வழக்கம்போலச் சுற்றிவளைத்தபோது படை நகரவில்லை. சமையல்காரர், குமாஸ்தா, கோவேறு கழுதைக்காரர் எல்லோரும் துப்பாக்கியோடு நின்றார்கள், வானத்திலிருந்து சோறு இறங்கியது. மார்ச்சில் ஜப்பானியத் தளபதி முத்தாகுச்சி சுமார் 85,000 பேரோடு இந்திய எல்லைக்குள் இருக்கும் இம்பால், கோஹிமா நோக்கிப் பாய்ந்தார். மூன்று வார உணவு, உயிரோடு ஓட்டிவந்த மாடுகள், இம்பாலின் கிடங்கைப் பிடித்துவிடலாம் என்ற நம்பிக்கை.

இங்கே ஸ்லிம் பிசகினார். எல்லைக்கு முன்னால் நின்ற டிவிஷனைத் திரும்ப அழைக்கத் தாமதித்தார். கோஹிமாவுக்கு பிரிகேட் அளவுள்ள ஒரு ரெஜிமென்ட்தான் வர முடியும் என்று கணித்தார். வந்தது முழு டிவிஷன். இரண்டையும் தன் நூலில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். கோஹிமாவில் நின்ற சுமார் 2,500 பேர், தங்களைப்போல் பல மடங்கு எதிரிகளை இரண்டு வாரம் தாங்கியதால் அந்தப் பிழை அழிவாகவில்லை. அரக்கானிலிருந்து ஒரு முழு டிவிஷனை விமானத்தில் தூக்கி இம்பால்-கோஹிமா போர்முனைக்குக் கொண்டுவந்தார்கள். சாலை அறுந்த இம்பாலில் ஒன்றரை லட்சம் பேர் வரை மாதக்கணக்கில் விமானத்தை நம்பி வாழ்ந்தார்கள். ஜூன் 22-ல் சாலை திறந்தது. ஜூலையில் ஜப்பானியர் பின்வாங்கினார்கள். அவர்கள் பக்கம் இறந்தவர் சுமார் 30,000, பெரும்பாலோர் பசியிலும் நோயிலும். இரண்டு ஆண்டுக்கு முன் ஸ்லிம்மின் படையை வாட்டிய அதே பசியும் நோயும். அவர் தன் படைக்கு அவற்றைத் தடுத்துவிட்டார், முத்தாகுச்சி தடுக்கவில்லை.

இம்பாலில் ஜப்பானியரோடு நேதாஜியின் இந்திய தேசிய ராணுவமும் வந்தது. மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து சேர்ந்த தமிழர்கள் அதில் ஏராளம். சென்னையில் பிறந்த டாக்டர் லட்சுமி தலைமை தாங்கிய ஜான்சி ராணிப் படையிலும் தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பெண்கள் நிறையப் பேர் இருந்தார்கள். எதிர்ப்பக்கத்தில், ஸ்லிம்மின் படையில் பெரும்பகுதி இந்தியர்கள். பொறியாளர் படையான நம் மெட்ராஸ் சாப்பர்களும் அதில் பாலமும் சாலையும் போட்டார்கள். ஸ்லிம்முக்கு தேசிய ராணுவத்தின்மேல் மதிப்பில்லை; அவர்களுடைய விடுதலை வேட்கையை அவர் புரிந்துகொள்ள முயன்றதாகவும் தெரியவில்லை. தன் இந்திய சிப்பாய்களை மனமார நேசித்தவர், அவர்களை ஆண்ட பேரரசைக் கேள்வி கேட்கவில்லை. அவரிடம் நாம் கற்றுக்கொள்ள நிறைய உண்டு என்பதால் இந்தக் குறையை மறைக்க வேண்டியதில்லை.

1945-ல் பர்மாவுக்குள் திரும்பி ஐராவதி ஆற்றைக் கடந்தது அவருடைய போர்த்திறனின் உச்சம். மாண்டலேக்கு வடக்கே பெரிய தாக்குதல் என்று ஜப்பானியரை நம்பவைத்தார். பொய்யான வானொலிச் செய்திகளால் ஒரு முழு கோர் வேறிடத்தில் இருப்பதாகக் காட்டிவிட்டு, அந்தக் கோரைத் தெற்கே ரகசியமாக நகர்த்தி, ஆற்றைக் கடந்து, மெய்க்டிலாவை மார்ச் தொடக்கத்தில் பிடித்தார். ஜப்பானியரின் உணவும் குண்டும் மெய்க்டிலா வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தன. எதிரியின் உக்கிராண அறையைத் தேடிப்போய்ப் பூட்டினார் என்று சொல்லலாம். மே தொடக்கத்தில் ரங்கூன் கைக்கு வந்தது. அதே மாதம் அவருடைய மேலதிகாரி லீஸ் அவரை மாற்றிவிடப் பார்த்தார். படையில் கொந்தளிப்பு எழுந்தது; கடைசியில் பதவி போனது லீஸுக்கு, அந்த இடத்துக்கு வந்தவர் ஸ்லிம்.

ஓய்வு பெற்று பிரிட்டிஷ் ரயில்வே நிர்வாகத்தில் இருந்தவரைப் பிரதமர் அட்லி திரும்ப அழைத்து பிரிட்டிஷ் தரைப்படையின் தலைமைப் பதவியில் அமர்த்தினார். இந்திய ராணுவத்திலிருந்து அந்த நாற்காலிக்கு வந்த முதல் ஆள் அவர். 1949-ல் பீல்டு மார்ஷல். 1953 முதல் 1960 வரை ஆஸ்திரேலியாவின் கவர்னர் ஜெனரல். அந்தக் காலத்தில் சிறுவர் இல்லம் ஒன்றுக்கு வந்தபோது தங்களிடம் தகாத முறையில் நடந்துகொண்டார் என்று, அங்கே வளர்ந்த சிலர் பல பத்தாண்டுகள் கழித்துக் குற்றம்சாட்டினார்கள். அப்போது அவர் உயிரோடு இல்லை, வழக்கு நடக்கவில்லை. கான்பெராவில் அவர் பெயரில் இருந்த சாலையின் பெயர் மாற்றப்பட்டது. வாழ்க்கையை முழுமையாகச் சொல்ல வேண்டுமானால் இதையும் சொல்லியாக வேண்டும். 1970 டிசம்பர் 14-ல் லண்டனில் இறந்தார்.

1956-ல் வந்த 'தோல்வியிலிருந்து வெற்றிக்கு' என்று பொருள்படும் அவருடைய பர்மாப் போர் நூலை இன்றும் ராணுவ அதிகாரிகள் படிக்கிறார்கள். தளபதிகளின் நினைவுக் குறிப்புகளில் பெரும்பாலானவை வெற்றிக்குத் தாங்களும் தோல்விக்கு மற்றவர்களும் காரணம் என்று சொல்பவை. ஸ்லிம் பிழைகளுக்குத் தன் பெயரை இட்டார், வெற்றியில் சமையல்காரருக்கும் சாலை போட்டவருக்கும் பங்கு கொடுத்தார்.

ஒரு தளபதி எத்தனை போரில் வென்றார் என்ற கேள்வி மட்டும் போதாது. அவருடைய சிப்பாய்களுக்கு வேளைக்குச் சோறு கிடைத்ததா, காய்ச்சலில் விழுந்தவன் எழுந்து திரும்பினானா, தவறு நடந்தபோது பழி யார்மேல் விழுந்தது என்றும் கேட்க வேண்டும். பர்மாவில் 1942-க்கும் 1945-க்கும் நடுவில் மாறியவை அந்தப் பதில்கள்தான். வெற்றி அவற்றுக்குப் பின்னால் வந்தது.